டப்பாவில் வந்த நிறம்

ஜுமேராவில் ஒரு வீட்டில் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஆங்கிலேய அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி என்னை அனுப்பியது. நான் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி. நர்சிங் படித்து துபாய்க்கு வந்து, வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிப்பதுதான் என் வேலை. அதனால் அதையும் வழக்கமான பகல் டூட்டி என்றுதான் நினைத்தேன். அவர் முன்னாளில் சினிமா நடிகை என்று அவருடைய மகள் வாசலில் வைத்தே சொல்லிவிட்டார். பெரிய யுத்தம் முடிந்து வந்த வருடங்களில் லண்டனில் எடுத்த படங்களில் நடித்தவராம்.

நான் அவரைப் பெரிய மேடம் என்று அழைத்தேன். காலையில் பிரஷர் பார்க்கப் போனால் கையை நீட்ட மாட்டார். முதலில் லிப்ஸ்டிக், அப்புறம் பென்சிலால் புருவம், அதற்குப் பிறகுதான் கை. "முகம் போடாம நான் யாரையும் பாக்கறதில்ல, டியர்" என்பார். நடுங்கும் விரல்களுக்குப் புருவக் கோடு நேராக வராது. கோட்டைக் கடைசியில் நான்தான் சரிசெய்வேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதை சொல்லுவார். பிறந்தது வட இங்கிலாந்தில், மில் புகை படிந்த ஊர். ரொட்டிக்கும் துணிக்கும் கூப்பன் கொடுத்துக்கொண்டிருந்த காலம். முதல் படம் வெளியான அன்று ஸ்டூடியோவில் அவர் தோளில் வெள்ளை ரோமக் கோட்டைப் போர்த்திவிட்டார்கள். வாசலில் அவரைப் பார்க்கக் கூட்டம் நெரித்ததாம். மறுநாள் காலையில் ஸ்டூடியோ ஆள் வந்து கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான். பழைய கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு இவர் ரொட்டிக்கு வரிசையில் போய் நின்றார். முன்னால் நின்றவர்கள் இரண்டு பேர் இவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்களாம், திரும்பிப் பார்க்கவே இல்லை. அதைச் சொல்லும்போது விழுந்து விழுந்து சிரிப்பார். பின்னால் படங்கள் குறைந்தன. எண்ணெய்க் கம்பெனி இன்ஜினீயர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வளைகுடாவுக்கு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார்.

சாயங்காலம் சத்வா பகுதியில் நான் தங்கியிருந்த ரூமுக்கு வந்து இதையெல்லாம் கூட இருக்கும் சிநேகிதியிடம் சொல்லுவேன். அவளும் எங்கள் பக்கத்து நர்ஸ்தான். "ஒனக்க மேடத்துக்க கதையச் சொல்லுட்டி" என்று அவளே கேட்பாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பெரிய மேடத்தின் பிறந்தநாள் வந்தது. மகள் விருந்தாளிகளைக் கூப்பிட்டு, ஹாலில் பெரிய திரை வைத்து, அம்மாவின் பழைய படம் ஒன்றைப் போட ஏற்பாடு செய்தார். "நீயும் கட்டாயம் இருக்கணும். கதை உன் நாட்டுல நடக்குது, உனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார். அன்று யூனிஃபார்ம் வேண்டாம் என்றும் சொன்னார். நான் நல்ல சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

படத்தில் ஓர் அரண்மனை, ஒரு யானை, குதிரைமேல் ஒரு வெள்ளைக்காரத் துரை. அப்புறம் ஆற்றங்கரையில் ஒரு பெண், இடுப்பில் குடத்தோடு வந்தாள். பெரிய மேடம்தான். முகத்திலும் கையிலும் பழுப்புச் சாயம். துண்டைச் சுற்றிய மாதிரி சேலை. நெற்றி பாதியை மறைக்கும் பொட்டு. துரையின் காலடியில் உட்கார்ந்து, உடைந்த ஆங்கிலத்தில் கெஞ்சினாள். திரும்பியபோது காதுக்குப் பின்னால் சாயம் படாத வெள்ளைத்தோல் தெரிந்தது.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் குனிந்து, "உங்க ஊர் இப்படித்தான் இருக்குமா?" என்று அன்பாகவே கேட்டாள்.

"நைஸ், மேடம்" என்றேன். துப்பட்டாவை இழுத்துக் கைகளை மூடிக்கொண்டேன். அந்தச் சாயத்தைவிட என் நிறம் அழுத்தமானது. எனக்கு எதுவும் பூசவே தேவையில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. எழுந்து போனால் அதையும் பார்ப்பார்களே என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பெரிய மேடம் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆஃப் பண்ணு" என்றார். பாத்ரூமுக்குப் போக வேண்டும்போல என்று மகள் எனக்குச் சைகை காட்டினார். படம் ஓடிக்கொண்டே இருக்க, நான் நாற்காலியை அவருடைய அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

கதவைச் சாத்தியதும் என்மேல் பாய்ந்தார். "உன்னை யார் அங்க உக்காரச் சொன்னது? நீ நர்ஸ்தானே? நர்ஸுக்கு அங்க என்ன வேலை?"

ஏதோ திருடி அகப்பட்டவள்போல நின்றேன். அடுத்தடுத்த நாட்களில் புருவத்தைத் தொடவும் விடவில்லை. கோணல் கோட்டோடு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "அம்மா மனசு நோகும்படி ஏதாவது பேசினியா?" என்று மகள் கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே குரல் கேட்டது.

"அந்த நிறம் டப்பாவுல வந்தது. தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினாலும் ராத்திரி தலையணையில ஒட்டும். எனக்குக் கிடைச்ச பெரிய வேஷம் அதுதான். அந்தப் படத்துல நான் ரொம்ப அழகுன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "பக்கத்துல நீ இருந்தே. நீ கையை மூடிக்கிட்டதைப் பாத்தேன். அதுக்கப்புறம் உன் முகத்தைப் பாக்க முடியல."

மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, ஃபோனை எடுத்து, யாருக்கும் காட்டாத என் கல்யாணப் படத்தைக் காட்டினேன். மாதா கோவில் வாசலில் வெள்ளைச் சேலையும் தலையில் வலைத்துணி நெட்டுமாக நிற்கிறேன். முகம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. கழுத்தும் கையும் என் நிறத்திலேயே இருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டில் "பிள்ளைக்கு நிறம் கம்மி" என்று சொல்லியிருந்தார்கள். அதற்காக என் அம்மா பியூட்டி பார்லர் பெண்ணிடம், "இன்னும் கொஞ்சம் போடு மக்களே, ஆல்பத்துல வெளுப்பாத் தெரியணும்" என்று பக்கத்திலேயே நின்று பூசச் சொன்னாள். நானும் முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

பெரிய மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கழுத்துக்கும் பூசியிருக்கணும். மோசமான மேக்கப்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. சிரித்து முடித்தபோது இரண்டு பேருக்குமே மற்றவரைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. நான் குனிந்து மிச்ச நகங்களை வெட்டினேன். மறுநாள் புருவப் பென்சிலை அவரே என்னிடம் நீட்டினார்.

குளிர்காலம் தொடங்கியதும் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பாக்கியிருந்த மருந்துகளை ஒப்படைக்க நான் அந்த வீட்டுக்குப் போனபோது, மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு உள்ளே போய், பிரேம் போட்ட ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆற்றங்கரை, குடம், பொட்டு.

"உன் நாட்டுப் படம். அம்மாவுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். நீதான் வச்சுக்கணும்" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "தேங்க் யூ, மேடம்" என்று வாங்கிக்கொண்டேன். டாக்ஸியில் அதை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன்.

சத்வா ரூமில் சிநேகிதி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது ஆருட்டி? நம்ம ஊருப் பிள்ளையா?"

பெரிய மேடம் என்று சொன்னால், அந்த நிறத்தையும் சொல்ல வேண்டும், அன்று நான் உட்கார்ந்திருந்ததையும் சொல்ல வேண்டும். "தெரிஞ்சவங்க" என்று மட்டும் சொல்லி அதை வாங்கி, கட்டிலுக்கு அடியில் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. சுவரில் மாட்டவும் முடியவில்லை, குப்பையில் போடவும் மனம் வரவில்லை.