சாமி முன்னால் உட்கார்ந்த ஸ்க்ரூட்ரைவர்

தொண்ணூற்றொன்றில் நாங்கள் ஒரகடத்துக்குப் பக்கத்தில், வடக்குப்பட்டில் வாடகைக்கு இருந்தோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்குத் தற்காலிக ஹெல்பர் வேலை. பர்மனென்ட் ஆக வேண்டும், அதுதான் அந்த வருஷம் முழுக்க எங்கள் வேண்டுதல். கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டைக்கு நடந்தே போய் முருகன் காதில் போட்டுவிட்டு வருவோம்.

அந்த வீட்டு வாசல் கதவு ஒரு தொல்லை. ரெட்டைக் கதவு. உள்பக்கத் தாழ்ப்பாள் ஒரு இரும்புப் பட்டை. கதவை வேகமாகச் சாத்தினால் அது தானே விழுந்து பூட்டிக்கொள்ளும். வெளியில் இருப்பவர் வெளியில்தான். தண்ணீருக்குப் போன என் மனைவி குடத்தோடு தெருவில் நிற்பதும், நான் கூரை ஓட்டைப் பிரித்து உள்ளே குதிப்பதும் வழக்கமாகிவிட்டது. தாழ்ப்பாளைக் கழற்றலாம் என்றால், "எங்க தாத்தா போட்ட கதவு, ஒரு ஆணி கூட அசையக் கூடாது" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

ரெண்டு கதவுக்கும் நடுவில் சின்ன இடுக்கு உண்டு. அதில் நுழைகிற மாதிரி ஒரு கொக்கி இருந்தால் தாழ்ப்பாளை வெளியிலிருந்தே தூக்கிவிடலாம். என்னிடம் முனை மழுங்கிய பழைய ஸ்க்ரூட்ரைவர் ஒன்று இருந்தது. ஒரு லீவு நாளில் அதை அடுப்பில் சொருகினேன். பிளாஸ்டிக் பிடியைக் கழற்ற வேண்டும் என்பது, அது உருகி அடுப்பெல்லாம் வழிந்த பிறகுதான் புத்தியில் பட்டது.

"இன்னாங்க இது நாத்தம்? யாரைக் கொளுத்துறீங்க?" என்று மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

கம்பி சிவந்ததும் அம்மிமேல் வைத்துத் தட்டையாக அடித்தேன். அம்மிக்காக அவளிடம் ஒரு பாட்டு வாங்கினேன். முனையை வளைத்து, மறுபடி காய்ச்சி, கைக்கு எட்டின எண்ணெய்க் கிண்ணத்தில் முக்கினேன். எண்ணெயில் முக்கினால் இரும்பு உறுதிப்படும் என்று கம்பெனியில் கேட்டது. புஸ்ஸென்று புகை கிளம்பியது.

"ஐயோ, சாமி வெளக்குக்கு வாங்கின நல்லெண்ணெய்யா!"

"முருகன் எண்ணெய் குடிச்ச இரும்பு, லேசுல வளையாது" என்றேன்.

கொய்யாக் கிளையில் பிடி போட்டேன். ஒரு தரம் சோதித்துப் பார்த்ததில் தாழ்ப்பாள் அழகாக எழும்பியது. முருகன் எண்ணெய் குடிச்ச இரும்பு என்று நான் சொன்னதை மட்டும் அவள் மறக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள், சுத்தியல், குறடு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள், நடுநாயகமாக என் கொக்கியை வைத்தாள். "சாமி எண்ணெய் குடிச்சதாச்சே, அது வெளிய கெடக்கலாமா?" பக்கத்து வீட்டில் மோட்டார் மெக்கானிக் அண்ணன் குடும்பம். அவர்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவர்களுடைய டூல்ஸ் பெட்டியையும் கேட்டு வாங்கி வந்து வரிசையில் சேர்த்தாள். மறுநாள் காலை கருவிகளை எடுக்கிற மறுபூஜை வரைக்கும் விளக்கு அணையாமல் எரிந்தால் எனக்குப் பர்மனென்ட் நிச்சயம் என்று மனசுக்குள் வேண்டியும் கொண்டாள். பண்டிகைக்கு வந்திருந்த மாமனாரிடம் மட்டும் அதைச் சொல்லியிருக்கிறாள்.

சாயங்காலம் படைத்து முடித்து, பூசணிக்காய் உடைக்க எல்லோரும் வாசலுக்கு வந்தோம். சுற்றி எடுத்த திருஷ்டி வீட்டுக்குள் திரும்பிப் போய்விடக் கூடாதே என்று, உடைப்பதற்கு முன்னால் கதவை நான் பக்தியோடு இழுத்துச் சாத்தினேன்.

டக்.

இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் கொக்கி குங்குமப் பொட்டோடு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் விளக்கு. எண்ணெய் அடியில்தான் இருந்தது.

"படைச்சிட்டு ஊத்தலாம்னு இருந்தேனே" என்று மனைவி கண் கலங்கினாள். வேண்டுதலை அப்போதுதான் மாமனார் போட்டு உடைத்தார். பூசணிக்காய் என் கையிலேயே இருந்தது.

ஓட்டைப் பிரிக்கலாம் என்றால், நான் பிரித்துப் பிரித்துத் தளர்ந்த இடம் விளக்குக்கு நேர் மேலே. தூசி விழுந்தே அணைந்துவிடும். தெருவில் ஸ்க்ரூட்ரைவர் கேட்டால், எல்லா வீட்டு இரும்பும் பூஜையில். மெக்கானிக் அண்ணனைப் பார்த்தேன்.

"என்னை இன்னா பாக்குற? எம் பொட்டியே உங்க சாமிகிட்ட கீது. நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்து வாங்கிக்கச் சொல்லிச்சு உன் சம்சாரம்."

சத்தம் கேட்டு அவர் மனைவி வெளியே வந்தாள். கையில் தோசைத் திருப்பி. தேய்ந்து தேய்ந்து காகிதமாகிப்போன திருப்பி.

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். "அக்கா, அத்தக் குடு."

"இருங்க, இன்னிக்கு இரும்பைத் தொடலாமா?" என்றேன் நான்.

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "மாப்ள, இது ஆயுதமா இருந்தா பூஜையில குந்திகினு இருந்திருக்கும். குந்தல. அதனால இது ஆயுதம் இல்ல. எடும்மா."

என் மனைவி கதவிடுக்கில் திருப்பியை நுழைத்து, தோசையைப் புரட்டுவது போல் மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பினாள். கதவு திறந்தது. ஓடிப்போய் எண்ணெய் ஊற்றினாள். திரி முனையில் குன்றிமணி அளவு நெருப்பு மிச்சம் இருந்தது. அது நிமிர்ந்து எரிந்ததும், நான் வாசலிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"என் தோசை கருகுது, திருப்பியக் குடுங்கம்மா" என்றாள் அந்த அக்கா.

பொங்கலுக்கு முன்னால் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. முருகன் அருள் என்றேன். விளக்கு என்றாள் மனைவி. அந்தச் சம்பளத்தில் முதல் வேலையாக அக்காவுக்குப் புதுத் திருப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, பழையதைக் கேட்டு வாங்கி வாசல் நிலைமேல் வெளிப்பக்கமாகச் சொருகினோம். அடுத்த ஆயுத பூஜையில் அதற்குப் பொட்டு வைக்கவில்லை. வைத்தால் அது ஆயுதமாகிவிடுமே!

என் கொக்கி முருகன் படத்துக்குக் கீழேயே தங்கிவிட்டது. சோதித்துப் பார்த்த அந்த ஒரு தரத்தோடு சரி, அப்புறம் எந்தக் கதவையும் அது திறந்ததில்லை.