வாயில் நாலு குண்டூசி

“உங்களுக்கு வெண்ணெய் ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்றது சீமாட்டி?” என்று தலையில்லாத பொம்மையின் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஒனோரின் இன்னொரு பிடி பஞ்சை உள்ளே திணிக்கிறாள். உதட்டின் இடது ஓரத்தில் நாலு குண்டூசிகள். அந்த நாலையும் வைத்துக்கொண்டே பொம்மைகளிடம் நாள் முழுக்கப் பேசுவாள். மனிதர்கள் ஏதாவது கேட்டால்தான், வாயில் ஊசி இருக்கிறதே, எப்படிப் பேசுவது என்று விரலால் காட்டுவாள்.

பாரிஸின் பெரிய தையலகங்களுக்கு வரும் சீமாட்டிகள் அளவு பார்க்க மணிக்கணக்கில் நிற்கமாட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக அவரவர் அளவில் ஒரு பொம்மை நிற்கும், கழுத்தில் பெயர்ச்சீட்டோடு. சீமாட்டி பெருத்தால் பொம்மைக்குப் பஞ்சு வைக்க வேண்டும். இளைத்தால் எடுக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக ஒனோரினுக்கு இதுதான் பிழைப்பு. யார் கர்ப்பம் என்பது புருஷனுக்கு முன்னால் இவளுக்குத் தெரியும். “உடம்பு பொய் சொல்லாது, வாய்தான் சொல்லும்” என்பாள். அதனாலோ என்னவோ வாய்க்குக் காவல் போட்டிருக்கிறாள்.

அந்தக் காவல் இல்லாவிட்டால் ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு தையலகங்களில் ஒருத்தி வேலை பார்க்க முடியுமா? இந்தப் பக்கம் மதாம் கெர்தால். அந்தப் பக்கம் முசே வெர்னே. இருவரும் கீரியும் பாம்பும். வெர்னே ஏழு வருடம் மதாமிடம் துணி வெட்டியவர். ஒருநாள் பன்னிரண்டு தையல்காரிகளைக் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டில் கடை போட்டார். பத்து வருடம் ஆகிறது. மதாம் தோளை உயர்த்தினால் இவர் இடுப்பை இறுக்குவார். மதாம் கறுப்புக்குப் போனால் இவர் கிளிப்பச்சைக்குப் போவார். பச்சைத் துணி தொட்டால் ஆகாது என்று அவருடைய பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டே தைத்தார்கள். “மாவு மில்லுக்காரன் மகளுக்கு மூட்டை தைக்கத்தான் தெரியும்” என்பார் அவர். “என்கிட்ட வெட்டக் கத்துக்கிட்டவன், என் காலையே வெட்டுறான்” என்பார் மதாம்.

ஒனோரின் இரண்டு வீட்டிலும் கை நனைப்பதில்லை. மதியம் தெருமுனை மரத்தடி பெஞ்சுதான். போர் வரப்போகிறது என்று விஷவாயு முகமூடி வைத்து அரசாங்கம் கொடுத்த தகர டப்பாவில் இரண்டு அவித்த முட்டை, ஒரு துண்டு ரொட்டி. முகமூடி வீட்டில் ஆணியில் தொங்குகிறது. “சண்டை வந்தா வரட்டும். பசி தினமும் வருதே” என்பது அவள் வாதம். பக்கத்தில் உட்கார்ந்து போலந்துச் செய்தி படிக்கிறவரின் சட்டைக் கழுத்து தொளதொளப்பதைப் பார்த்து, மூன்று கிலோ போயிருக்கிறது என்று மனதுக்குள் எடை போடுவாள்.

மதாம் கெர்தாலுக்கும் ஒரு பொம்மை உண்டு. இந்த மார்ச்சில் அதன் இடுப்பிலிருந்து ஒனோரின் ஒரு பிடி பஞ்சு எடுத்தாள். ஏப்ரலில் இரண்டு பிடி. பிறகு அதைப் போர்வையில் சுற்றித் தன் வேலை அறைக்கே கொண்டுபோய்விட்டாள், மற்றவர்கள் கண்ணில் படவேண்டாம் என்று. ஜூனில் மார்பிலும் தோளிலும் எடுத்தபோது பொம்மையோடு அவளுக்குப் பேச்சு வரவில்லை. எடுத்த பஞ்சைக் குப்பையில் போட மனமில்லாமல் ஒரு தலையணை உறையில் சேர்த்துக் கட்டிவைத்தாள். தனியே உட்கார்ந்து அழவும் செய்தாள்.

ஜூலையில் வெர்னே வழிமறித்தார். “என்ன ஒனோரின், உங்க மதாம் உருகிப்போறாங்களாமே? நீ வாயைத் திறக்கவே வேணாம். ஒரு தலையாட்டு போதும். அமெரிக்காக்காரங்க மொத்த ஆர்டரும் இந்தப் பக்கம் திரும்பிடும். உனக்கு இங்கேயே நிரந்தர வேலை, கணப்பு வெச்ச அறை.”

ஒனோரின் சட்டை மார்பிலிருந்து நாலு குண்டூசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

“பத்து வருஷமா இதே பதில்தானா?” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கு அவசரம் இல்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் குளிர்கால உடைகளைக் காட்டும் நாள். போர்ப் பயத்தில் அமெரிக்க வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர்தான் கப்பலேறி வந்திருந்தார்கள். மதாமுக்கு உடம்பு சரியில்லை என்று அவர்கள் காதில் விழுந்தால் ஒருவரும் ஆர்டர் தரமாட்டார்கள். தராவிட்டால் எண்பது பெண்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அன்று காலை மதாம் அறைக் கதவைச் சாத்தினார். “பொம்மையை என்னை மாதிரி ஆக்கினது போதும். இன்னிக்கு என்னைப் பழைய பொம்மை மாதிரி ஆக்கு.”

ஒனோரின் தலையணை உறையை அவிழ்த்தாள். மார்ச்சில் எடுத்தது, ஏப்ரலில் எடுத்தது, ஜூனில் எடுத்தது எல்லாவற்றையும் உள்ளாடைக்குள் வைத்து, மதாமை நிற்கவைத்தே தைத்தாள்.

“கூசுது” என்றார் மதாம்.

“அசையாதீங்க. உங்க சதைதான் மதாம், அந்நியம் இல்ல.”

காட்சி நன்றாகவே முடிந்தது. விருந்தாளிகளை வழியனுப்ப மதாம் வாசல்வரை வந்தார். தையல் எங்காவது விட்டுவிட்டால் என்ன செய்வது என்று, வாயில் குண்டூசிகளோடு ஒனோரின் பின்னாலேயே வந்தாள். எதிர்வாசலில் நின்ற வெர்னே தெருவைக் கடந்து வந்து மதாமுக்கு வணக்கம் சொன்னார். ஏழு வருடம் அந்த உடம்பில் துணி வைத்துப் பார்த்தவர். இடுப்பைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். கையுறைக்கு மேலே தெரிந்த மணிக்கட்டில் அவர் கண் நின்றது. அங்கே பஞ்சு வைக்க முடியாது.

அவர் மதாமிடம் ஒன்றும் கேட்கவில்லை. விருந்தாளிகள் காதில் விழும்படி ஒனோரின் பக்கம் திரும்பினார். “என்ன ஒனோரின், உங்க மதாம் உடம்பு எப்படி இருக்கு?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மதாமின் கை கதவுநிலையைப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு மௌனமாக இருந்தால் அதுவே பதில் என்பது ஒனோரினுக்குப் புரிந்தது.

வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்தினாள். நாலாவதையும் குத்திய பிறகு சொன்னாள்: “அதை ஏன் கேக்குறீங்க முசே? எத்தனை சொன்னாலும் வெண்ணெயை விடமாட்டேங்குறாங்க. மாசாமாசம் பொம்மைக்குப் பஞ்சு வெச்சு என் விரல்தான் தேய்ஞ்சுபோச்சு.”

பிரெஞ்சு தெரிந்த ஓர் அமெரிக்கச் சீமாட்டி சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். வெர்னே ஒனோரினின் வெறும் உதட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மதாமுக்குத் தலை தாழ்த்திவிட்டு, தெருவைக் கடந்து போனார்.

ஒனோரின் நாலு குண்டூசிகளையும் திரும்ப எடுத்து, ஒவ்வொன்றாக வாயில் வைத்துக்கொண்டாள்.