அளவுக்கு நின்றவர்

பெட்டிக் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துவிட்டால் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஊர் உலகம் கிடையாது. நூலகக் கட்டடத்தின் மொட்டைச் சுவருக்கு எதிரே ஸ்டாண்டை ஊன்றி, வெயில் சாயட்டும் என்று காத்திருப்பார். போகிறவர் யாராவது, "யாரைம்மா படம் எடுக்கிற?" என்று கேட்டால் துணிக்குள்ளிருந்தே பதில் வரும்: "சுவரை!"

பூ, குழந்தை, சூரிய உதயம் எதையும் எடுக்கமாட்டார். பூசாத கான்கிரீட், வளைந்தேறும் படிக்கட்டு, வரிசையாய் ஜன்னல்கள். அதுவும் கறுப்பு வெள்ளையில்தான். "கலர் வந்தா கண்ணு அங்கேயே போய் உட்கார்ந்துக்கும் தம்பி. நிழல் பாவம், அதை யாரு பார்ப்பா?" என் வீட்டுச் சுவரைப் பார்த்து ஒருநாள், "ரோஸ் கலரா?" என்று முகம் சுளித்தார். அதிலிருந்து அவரை உள்ளே கூப்பிடவே எனக்குக் கூச்சம்.

கட்டடம் எவ்வளவு பெரிது என்று தெரிய, படத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஆள் அக்காவின் கணவர்தான். மாமா தபால் ஆபீஸிலிருந்து நேரே வந்து, சுவரடியில் முதுகைக் காட்டி நிற்பார். "திரும்பாதீங்க! மூஞ்சி தெரிஞ்சா எல்லாரும் அதைத்தான் பார்ப்பாங்க!" என்று அக்கா போடும் சத்தம் தெருக்கோடிவரை கேட்கும். ஒரே ஒருமுறை மனிதர் திரும்பிச் சிரித்துவிட்டார். ஃபிலிம் பாழாகிவிட்டதென்று வாங்கிக் கட்டிக்கொண்டார். அக்கா அதைக் கத்தரித்தும் போட்டுவிட்டார்.

போன மழைக்காலத்தில் மாமா இறந்துபோனார். இப்போது அக்காவின் வீட்டுச் சுவர் முழுக்க அவர்தான். எல்லாப் படத்திலும் அரிசியளவு முதுகு. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் பார்க்கிறார். கல்யாணப் படம் இருக்குமே என்றேன்.

"அதுல இருக்கிறது யாரோ ஒரு மாப்பிள்ளை தம்பி, பயந்துபோய் நிக்கிறாரு. என் ஆளு சிரிச்சது அந்த ஒண்ணுலதான். நானே வெட்டிப் போட்டேனே."

அடுத்த படத்துக்கு நான் வந்து நிற்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

நேற்று நூலகச் சுவரடியில் முதுகைக் காட்டி நின்றேன். "இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் போ. போதும், அசையாதே." வெயில் சாய்ந்து ஜன்னல் நிழல்கள் நீண்டன. பிறகு துணிக்குள்ளிருந்து மெல்லிய குரலில், "கொஞ்சம் திரும்புங்களேன்" என்றார்.

திரும்பினேன். சிரித்தும் வைத்தேன்.

அக்கா துணியை விலக்கி என்னைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து மூடியை எடுத்து, லென்ஸை மூடினார்.