பைத்தானுக்கு ஓர் இடம்

மல்லிகா டீச்சர் போய்விட்டார் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எங்கே கொண்டுவருகிறார்கள் என்று கேட்டேன். அது இன்னும் முடிவாகவில்லையாம். எங்கே போவதானாலும் அந்த வழியாகத்தான் வர வேண்டும் என்று நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு ஓடினேன். கேட் திறந்த பிறகும் ஆம்புலன்ஸ் நகரவில்லை.

“எங்க வீட்டு மருமக,” என்றார் டீச்சரின் கொழுந்தனார்.

“எங்க வீட்டுப் பொண்ணு. கூத்தாநல்லூருக்குத்தான் வரும்,” என்றார் டீச்சரின் அண்ணன்.

கணவர் இறந்தபின் டீச்சர் குடியிருந்தது எங்கள் வீட்டு மாடியில். அதை இருவருமே சொல்லவில்லை.

அந்த மாடியில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளே, பச்சைச் சுவர் உங்களுக்கு நினைவிருக்கும். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழிகளையெல்லாம் வம்சம் எழுதுவதுபோல் சாக்பீஸால் கிளைகிளையாக வரைந்திருந்தார். செய்ய வேண்டியதைப் படிப்படியாகச் சொல்பவை ஒரு பக்கம்; வேண்டியதை மட்டும் கேட்பவை மறுபக்கம்; கீழே உட்கிளைகள். நான் ஐந்தாவதோடு நின்றவள். என் பேத்தி அங்கே படித்துத்தான் வேலைக்குப் போனாள். அந்தப் பெருமையில், காபி கொண்டுபோகும் சாக்கில் நானும் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பைத்தான் என்ற மொழிதான் படுத்தியது. ஒரு கிளையில் எழுதுவார், அழிப்பார், இன்னொன்றுக்கு மாற்றுவார். மூன்று கிளையிலும் அதன் குணம் இருந்ததாம்.

“மூணுலயும் எழுதிட்டுப் போங்களேன் டீச்சர். காபி ஆறுது.”

“ஒரு ஆளு பேரு ரெண்டு ரேஷன் கார்டுல இருக்கலாமாம்மா?”

“கார்டுலேந்து பேரை எடுத்துட்டா, எம் மக எனக்கு மக இல்லைன்னு ஆயிடுமா?”

“வீட்டுக்கு அது சரிம்மா. பரீட்சையில நாலுல ஒண்ணைத்தான் டிக் அடிக்கணும். பிள்ளைங்களுக்கு மார்க்கு போயிடும்ல?”

பிள்ளைகளுக்காகத்தான் அந்தப் பிடிவாதம் என்று புரிந்தது. எரிச்சல் மட்டும் தீரவில்லை. மறுநாளும் அதே சண்டை.

ரயில்வே கேட்டில் நடந்த இழுபறியில் கடைசியில் கொழுந்தனார் கட்சிதான் ஜெயித்தது. அவர் வீட்டுத் தெருமுனையில் இரண்டு அஞ்சலி பேனர்கள். ஒன்றில் டீச்சர் பெயருக்கு முன்னால் கணவரின் இனிஷியல், மற்றதில் அப்பாவுடையது. அண்ணன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். எனக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் என் மகன் மாடிக்குப் பெயின்ட் அடிக்க ஆளைக் கூட்டிவந்தான். “வேணும்னா போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கம்மா.” ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

சுவரில் பைத்தான் இருந்த மூன்று இடங்களும் அழித்து அழித்து வெளுத்திருந்தன. மூன்றிலும் எழுதிவிடலாம் என்று சாக்பீஸை எடுத்தேன். கை வரவில்லை. எதிரே நின்று மறுக்க அவர் இல்லாதபோது ஜெயித்து என்ன? அந்தத் துண்டு சாக்பீஸ் என்னிடம் இருக்கிறது. தீராத அந்தச் சண்டையும்.