நாலு பிராணிக்கு ஒரே இறக்கை

அன்று அந்தச் சுவருக்கு முன்னால் நின்றது நாலே பேர்: அறிவியல் டீச்சர், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன், என் மனைவியின் அண்ணன், நான்.

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி இருக்கிறது அந்தப் பள்ளிக்கூடம். பறக்கும் உயிர்களைச் சுவரில் வரையச் சொல்லியிருந்தார்கள். தும்பி, டைனோசர் காலத்துப் பறக்கும் பிராணி, கழுகு, வௌவால். வேலை பிடிப்பதும் காசு பேசுவதும் மச்சான், வரைவது நான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன்.

ஒரே உருவம் பல இடத்தில் வரவேண்டுமானால் தடித்த தாளில் ஊசியால் ஓட்டை குத்தி, மேலே கரித்தூளைத் தட்டுவோம். சுவரில் புள்ளி விழும். மச்சான் கழுகு இறக்கைக்கு மட்டும் அப்படி ஒரு அச்சு செய்து வந்தார்.

"வௌவாலுக்கு டீச்சர் குடுத்த தாள்ல வேற மாதிரி கீதே மச்சான்?"

"றெக்கைன்னா எல்லாம் ஒண்ணுதான் மாப்ள. சின்னது, பெருசு, அவ்ளோதான். சும்மா பேஜாரு பண்ணாத."

இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்டால் வீட்டில் சண்டை வரும் என்று அந்த அச்சையே நாலுக்கும் தட்டி வரைந்தேன்.

டீச்சர் வந்து பார்த்தார். "வௌவாலுக்கு ஏன் இறகு முளைச்சிருக்கு?"

"கழுகு வூட்ல சம்பந்தம் பண்ணியிருக்கும்மா" என்றார் வாட்ச்மேன்.

மச்சான் சிரிக்கவில்லை. "தாள பாத்துப் போடுன்னு அப்பவே சொன்னேன் டீச்சர். எட்டாவது ஃபெயிலு. இவன வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

அச்சுத்தாள் அவர் கக்கத்தில்தான் சுருட்டி இருந்தது. நான் ஃபெயில் ஆனவன் இல்லை. அப்பா படுத்த படுக்கையானதால் நின்றவன். பெண் பார்க்கப் போன அன்றே அவரிடம் சொன்னது அது.

டீச்சர் தன் கையை விரித்துக் காட்டினார். "வௌவாலுக்கு கட்டைவிரல் வெளியில, மத்த நாலு விரலும் நீண்டு நடுவுல தோல். அந்தப் பழைய பிராணிக்கு ஒரே ஒரு விரல்தான் நீண்டு தோலைத் தாங்கும். பறவைக்கு விரல் ஒட்டிப்போய் இறகுதான் வேலை செய்யும். தும்பிக்கு கையே இறக்கையாகல, முதுகுல தனியா வந்தது. ஒண்ணைப் பார்த்து ஒண்ணு கத்துக்கலை அண்ணா. நாலும் தனித்தனியா வந்துச்சு."

மறுநாள் மச்சான் வரவில்லை. மூன்று நாள் தனியாக நின்று, ஏணியில் இருந்தபடியே என் விரல்களை விரித்துப் பார்த்துப் பார்த்து அழித்து வரைந்தேன். விரல் எண்ணிக்கை சரிதானா என்று இறங்கி இறங்கிப் பார்த்ததில் முழங்கால் வீங்கியது. டீச்சர் சரி என்றார். பள்ளிக்கூடத்தில் முழுக் காசும் மச்சான் கையில் கொடுத்தார்கள், வேலை பிடித்த ஆள் அவர்தானே.

நடந்ததை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. அண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவள், நம்புவாளா என்றே பயம். என் பங்கு ஒன்பதாயிரம். பெயிண்டு வீணாய்ப் போனதென்று சொல்லி மச்சான் இரண்டாயிரத்து ஐந்நூறு மட்டும் தந்தார். மிச்சம் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் இன்னும் அவரிடம்தான்.