கல்லுவேலியும் பிரெஞ்சுக்காரரின் சீனாவும்

கலியாண மண்டபங்களுக்கு மேடை அலங்கரிப்பது என் தொழில். போன வியாழக்கிழமை ரொறன்ரோ நகர மையத்திலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போனேன். கலை ஆர்வத்தில் என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். வாடிக்கையாளர் ஒருவரோடு முறைத்துக்கொண்டு, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கிளம்பியதுதான் உண்மை.

ஸ்ரௌவ்வில்லில் வசிக்கும் அந்த அங்கிள் யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்காரர். மகளின் திருமண வரவேற்பு மேடைக்குப் பின்னால் தன் ஊர்ப் படம் வேண்டும் என்றார். நான் இணையத்தில் தேடி, பனைமரமும் ஓலைவேலியுமாக ஒரு படம் கீறி அனுப்பினேன்.

"எங்கட ஊரில கல்லுவேலி, தம்பி."

"படத்துக்கு உது காணும், அங்கிள்" என்று தட்டிக்கழித்தேன்.

ஃபோனை வைத்துவிட்டார். வரவேற்போ சனிக்கிழமை.

மில்லிக்கனில் என் வீட்டிலிருந்து பின்ச் நிலையத்துக்குக் காரில் 25 நிமிடம், பிறகு சப்வேயில் 35 நிமிடம். நுழைவுச்சீட்டு 26 டொலர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் நெய்த மூன்று சுவர்த்திரைகள் இரண்டாம் மாடியில் தொங்குகின்றன. கம்பளியும் பட்டும் கலந்தவை. ஒவ்வொன்றும் எங்கள் மேடையளவு அகலம். எல்லாமே சீனக் காட்சிகள்: கூடாரத்தில் அரசர், குடை பிடிப்பவர்கள், அன்னாசி பறிக்கும் பெண்கள். படம் கீறியவரோ நெய்தவர்களோ சீனாவைக் கண்டதில்லை என்று பக்கத்திலிருந்த விளக்க அட்டை சொன்னது. வேலைப்பாட்டைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

அருகில் நின்ற சீனப் பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, வடிவுதான், ஆனால் என் அப்பாவைப் போல ஒருவரும் இதில் இல்லையே என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த நிமிடம் வெட்கமாகிவிட்டது. நான் பிறந்ததே இங்கேதான். நெடுந்தீவை ஒருநாளும் கண்டதில்லை.

பின்ச்சில் காரை எடுத்து, வீட்டுக்குத் திரும்பாமல் நேரே ஸ்ரௌவ்வில்லுக்கு ஓட்டினேன். அங்கிள்தான் கதவைத் திறந்தார். உங்கள் ஊரை நான் கண்டதில்லை, அப்படிச் சொன்னது என் பிழை என்றேன். அவர் ஒரு தாளை எடுத்து, கல்மேல் கல்லாக வேலியைக் கீறினார். உள்ளே வீட்டைக் கீறத் தொடங்கியவரின் கை நின்றுவிட்டது.

"வாசல் எந்தப் பக்கம் எண்டு மறந்துபோச்சு தம்பி. வீட்டை விடும். வேலியைச் சரியாக் கீறும்."

அருங்காட்சியகத்துக்குப் போக நினைப்பவர்கள் வாரநாளில் காலையிலேயே போங்கள், கூட்டமில்லை. மூன்று திரைகளுக்கும் இரண்டு மணிநேரம் ஒதுக்குங்கள். வெளிச்சம் குறைவு, கண்ணாடி அவசியம். அட்டையைப் படிக்குமுன் படத்தைப் பாருங்கள்.

சனிக்கிழமை மேடையில் கல்லுவேலி மட்டும் நின்றது, அதற்கு மேலே வெறும் வானம். விருந்தினர் வருமுன் அங்கிள் அதன்முன் தனியாக நின்று, என்னிடம் ஒரு புகைப்படம் எடுக்கச் சொன்னார்.