போயா நாளில் வந்த மாப்பிள்ளை வீட்டார்

எனக்கு மூத்தவள் ராத்தாவைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகத்தான் பேச்சு. வாப்பா அதற்காகக் கோழிக்குச் சொல்லி வைத்திருந்தார். உம்மா திரைச்சீலைகளைக் கழுவித் தொங்கவிட்டிருந்தார். ஆனால் தம்புள்ளையில் மரக்கறி வியாபாரம் செய்யும் அந்தக் குடும்பம், கண்டிக்குப் போய்த் திரும்பும் வழியில், "இவ்வளவு தூரம் வந்துட்டோம், புள்ளையப் பார்த்துட்டே போறோம்" என்று முந்தின வெள்ளிக்கிழமையே போன் எடுத்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாப்பாவுக்கு வாய் வரவில்லை. பகல் சாப்பாட்டுக்கே வரச் சொல்லிவிட்டார்.

அன்று போயா, பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. போயா நாளில் இறைச்சிக் கடை திறப்பதில்லை. மாத்தளை டவுனைச் சுற்றிவிட்டு வந்த வாப்பாவின் கையில் ஒரு தயிர்ச் சட்டியும் அன்னாசிப் பழமும்தான் இருந்தன. மீன் வண்டியும் வரவில்லை. உம்மா குசினியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ராத்தாதான் அலுமாரியைத் திறந்து, இருந்த சாளை மீன் டின்களையெல்லாம் எடுத்து வைத்தாள்.

"சம்பந்தம் பேச வாரவங்களுக்கு டின்மீன் வைக்கிறதா?" என்றார் உம்மா.

"வச்சா என்ன உம்மா? மீன்தானே."

ராத்தா பள்ளிக்கூடத்தில் மனையியல் படித்தவள். கீரையோடு தேசிக்காய் பிழிவது ஏன், அரிசியை அதிகம் கழுவினால் என்ன போகும் என்பதெல்லாம் எங்களுக்கு அவள் சொல்லித்தான் தெரியும். நாங்கள் பிஸ்மி சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தால், அவள் சோற்றுக் கோப்பையில் இருப்பதன் சத்தைச் சொல்ல ஆரம்பிப்பாள். வாப்பா அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வார்.

அன்று பாதி மீனை உருளைக்கிழங்கோடு பிசைந்து கட்லட் பொரித்தாள். மீதியைத் தேங்காய்ப்பால் விட்டு மிளகு தூக்கலாகக் கறியாக்கினாள். உருளைக்கிழங்குத் தோல் உரித்துக்கொண்டிருந்த எனக்கு, மீனின் நடுமுள்ளை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிக் காட்டினாள். மாவாக நொறுங்கியது. அவ்வளவு சந்தோஷமாக அவள் சமைத்து நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் உம்மா கறியைப் பார்த்து, "டின்மீனா?" என்று மட்டும் கேட்டார். வாப்பா போயாவைக் காரணம் சொன்னார். "தெரியும், தெரியும்" என்று அவர் சிரித்தார். பிறகு முள்ளையெல்லாம் பொறுக்கிக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார். அதைப் பார்த்து மாப்பிள்ளையும் ஒதுக்கத் தொடங்கினார்.

"அத ஒதுக்காதீங்க. முள்ளுலதான் கல்சியம் இருக்கு. மெத்துன்னு இருக்கும், குத்தாது."

குசினித் திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல். உம்மாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். முள்ளை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"எனக்குப் பால் பிடிக்காது. அப்ப இது போதுமா?"

"பால் பிடிக்காதவங்களுக்கு இது ரொம்ப நல்லம்."

அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கட்லட் கேட்டார். நானும் சிரித்தேன். அவருடைய உம்மா சிரிக்கவில்லை.

இரண்டு நாளில் சம்பந்தம் பேசிய தரகர் பதில் கொண்டுவந்தார். பிள்ளைக்கு வாய் கூடவாம். முதன்முதலாக வந்தவர்களுக்கு டின்மீன் வைத்த வீட்டில் வேறு எதை எதிர்பார்ப்பது என்றும் சொன்னார்களாம். வாப்பா எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒரு பின்நேரம் மாப்பிள்ளை மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"உம்மா மனசு மாறுவாங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"உங்க உம்மாவக் கூட்டிட்டு வாங்க மகன். தனியா வந்தா நான் என்ன பேசுறது?" என்றார் வாப்பா. உள்ளே வரச் சொல்லவில்லை. அந்த அவமானம் அவருக்கு இன்னும் ஆறியிருக்கவில்லை. அந்த மனிதர் சிறிது நேரம் நின்று பார்த்தார். வீட்டுக்குள்ளிருந்து எந்தக் குரலும் வரவில்லை. போய்விட்டார். பிறகு வரவேயில்லை.

அதன்பின் ராத்தாவைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கோழியும் மாட்டிறைச்சியும்தான். அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பல வருடம் கழித்துக் கல்யாணமாகிப் போனாள். மச்சான் குறை சொல்ல முடியாதவர். அவர்கள் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். எதில் என்ன சத்து என்று அவள் சொல்லி அங்கே நான் கேட்டதில்லை. ஒருநாள் நானே கீரையையும் தேசிக்காயையும் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் மறந்துபோச்சுடி" என்றாள்.

மோட்டார் சைக்கிள் போன அந்தப் பின்நேரம் நான் குசினிக்குள் ஓடினேன். ராத்தா அடுப்பங்கரையில் சும்மா நின்றிருந்தாள்.

"அப்ப நீங்க தம்புள்ளைக்குப் போகத் தேவல்லதானே ராத்தா?"

"இல்லடி. இங்கதான் இருப்பேன்."

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தில் சீப்பை எடுத்துவந்து, தலை பின்னிவிடச் சொல்லி அவள் முன்னால் உட்கார்ந்தேன். அவள் வெகுநேரம் வாரிக்கொண்டேயிருந்தாள். நான் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை திரும்பி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.